ரோலிங் ஸ்டோன்ஸின் சிறந்த கிட்டாரிஸ்ட் யார்? உருப்படியாக வாதிடும் வழி

பிரிட்டிஷ் ராக் பேண்டான ரோலிங் ஸ்டோன்ஸின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. மிக் டெய்லர்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்பார் ஒருவர். கீத் ரிச்சர்ட்ஸ் இல்லாவிட்டால் பேண்டே கிடையாது என்பார் இன்னொருவர். பிரையன் ஜோன்ஸ்தானே தொடங்கியவர் என்று மூன்றாவது குரல் வரும். ஐம்பது வருஷமாக நிற்கும் ரோனி வுட்டை மறந்துவிட்டீர்களே என்று நான்காவது குரலும் வரும். குரல் உயருமே தவிர, பேச்சு நகராது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எந்தப் பாட்டில் எந்தக் கிட்டார் யாருடையது என்று பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள், பிறகு வாதிடுங்கள். அதற்கான வழிதான் இது.

கேள்வியை இரண்டாக உடையுங்கள்

'சிறந்த' என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நல்ல சோலோ, அதாவது தனியாக முன்னே வந்து வாசிக்கும் பகுதி, வாசித்தவர் யார் என்பது ஒன்று. இந்த பேண்டின் பாட்டுக்கு அதிகம் தேவைப்பட்டவர் யார் என்பது மற்றொன்று. இவற்றைக் கலந்து பேசினால் கீத் கட்சியும் டெய்லர் கட்சியும் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கேள்வி என்று தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலக்கணக்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1962 முதல் இன்றுவரை கீத். 1962 முதல் 1969 ஜூன் வரை பிரையன். 1969 முதல் 1974 டிசம்பர் வரை டெய்லர். 1975 சுற்றுப்பயணத்திலிருந்து வுட். இந்தக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டும்தான் உதவும். இதை மட்டும் நம்பினால் எப்படிச் சறுக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

காதைத் தயார் செய்வது

நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்த வேலை நடக்காது. அதில் இடது, வலது இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும், நமக்கு வேண்டியதோ அந்தப் பிரிவுதான். ஹெட்ஃபோனை மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குழுவாகக் கேட்கும்போது பாதிச் சண்டை இதனால்தான் வரும்.

ஃபோனில் அக்ஸசிபிலிட்டி அமைப்புகளுக்குள் ஒலியின் இடது வலது சமநிலைக்கு ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை ஒரு பக்கமாக முழுவதும் தள்ளினால் அந்தப் பக்கத்துக் கிட்டார் மட்டும் தனியாகத் தெரியும். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டைத் திறந்து ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் இன்வெர்ட் செய்து இரண்டையும் சேர்த்து ஓட்டினால், நடுவில் வைத்துக் கலந்த பாட்டுக்குரலும் பேஸும் பெருமளவு மறைந்து, ஓரத்துக் கிட்டார்கள் மேலே வரும். எக்கோ மட்டும் மிச்சம் இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

அறுபதுகளின் பாட்டுகளுக்கு இந்த வித்தை உதவாது. 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' மாதிரியான அந்தக் காலத்து சிங்கிள்கள் மோனோவுக்காகக் கலக்கப்பட்டவை. பின்னாளில் பல பாட்டுகள் செயற்கை ஸ்டீரியோவாகவும் வந்தன. அவற்றில் பக்கத்தை வைத்து ஆளைப் பிடிக்கப் போனால் ஏமாறுவீர்கள். 2016இல் வந்த மோனோ தொகுப்பைக் கேளுங்கள். பக்கத்தை மறந்துவிட்டு வாசிப்பின் குணத்தைப் பிடியுங்கள்.

ஒலியளவைச் சமப்படுத்துவது இன்னொரு முக்கியமான வேலை. இரண்டு துண்டுகளில் எது சற்று சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குப் படும். புதிய ரீமாஸ்டர்கள் பழைய பதிப்பைவிடச் சத்தமாக இருக்கும். அதனால் ஒரே பதிப்பு வரிசையில் இருந்தே எல்லாத் துண்டுகளையும் எடுங்கள், அல்லது சத்தத்தைக் கையால் குறைத்துச் சமமாக்குங்கள்.

ஆளைக் கண்டுபிடிப்பது

தொடங்க ஏற்ற ஆல்பம் 'கெட் யர் யா-யாஸ் அவுட்'. 1969 நவம்பரின் அமெரிக்கக் கச்சேரிகளில் பதிவாகி 1970இல் வந்தது. கீத், டெய்லர் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தெளிவாகப் பிரிந்து ஒலிப்பார்கள். 'கேரல்' பாட்டைப் போடுங்கள். அதில் வரும் சக் பெர்ரி பாணி சோலோ கீத்துடையது. அது எந்தக் காதில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 'லவ் இன் வெய்ன்'. அதில் அழுகிற ஸ்லைட் (தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) டெய்லருடையது. அதையும் குறியுங்கள். இப்போது 'சிம்பதி ஃபார் த டெவில்' கேளுங்கள். முதல் சோலோ கீத், இரண்டாவது டெய்லர். வெட்டி வெட்டி, குத்தும் சொற்களாக வருகிறது முதலாவது. இரண்டாவதில் ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரே இரவு, ஒரே பாட்டு, அடுத்தடுத்து இரண்டு பேர். இதைவிட நேர்மையான ஒப்பீடு எங்கும் கிடைக்காது. இந்த ஒன்றை மட்டும் பத்து முறை கேட்டாலே வாதத்தின் பாதி தெளிவாகிவிடும்.

கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. பிரையனுக்கு 1968 டிசம்பரில் படமான 'ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்': 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாட்டில் அவர் ஸ்லைட் வாசிப்பது தெரியும். டெய்லருக்கு 1972 கச்சேரிப் படமான 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்'. வுட்டுக்கு 1978 ஜூலையில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பதிவாகி 2011இல் வெளியான கச்சேரி. கையைப் பார்த்துக்கொண்டே கேட்டால், பிறகு கண்ணை மூடினாலும் ஆள் தெரிவார்.

இனி, தவறாமல் எல்லோரும் விழும் குழிகள்.

'லெட் இட் ப்ளீட்' வெளிவந்தது 1969 டிசம்பரில். டெய்லர் அப்போது பேண்டில் இருந்தார், ஆகவே அது டெய்லர் ஆல்பம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் அவர் வாசித்தது இரண்டே பாட்டு: 'கன்ட்ரி ஹாங்க்', 'லிவ் வித் மீ'. பிரையன் கொஞ்சம் காங்கோவும் ஆட்டோஹார்ப்பும் தொட்டதோடு சரி. 'கிம்மி ஷெல்டர்' கிட்டார் முழுவதும் கீத். 'மிட்நைட் ராம்ப்ளர்' ஸ்டுடியோப் பதிவும் கீத். கீத்துக்கு சோலோ வராது என்று சொல்பவரிடம் இந்த ஆல்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) இதற்கு நேர் எதிர். 'ஸ்வே' பாட்டில் கீத் பின்குரல் மட்டும்தான். ரிதம் கிட்டார் பாடகர் மிக் ஜாகர், சோலோக்கள் டெய்லர். 'மூன்லைட் மைல்' பாட்டிலும் கீத் இல்லை. ஆனால் அதே ஆல்பத்தின் 'சிஸ்டர் மார்ஃபின்' ஸ்லைடைக் கேட்டு டெய்லரைப் புகழ்ந்துவிடாதீர்கள், அது விருந்தாளியாக வந்த ரை கூடர்.

'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972) ஆல்பத்தில் 'ஹேப்பி' ஸ்லைட் கீத், 'ஆல் டவுன் த லைன்' ஸ்லைட் டெய்லர். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லாதவர் அரிது. 'டம்ப்ளிங் டைஸ்' பாட்டில் டெய்லரின் கையில் இருந்தது பேஸ் கிட்டார்.

'இட்ஸ் ஒன்லி ராக் அண்ட் ரோல்' பாட்டு வந்தது 1974இல், டெய்லர் விலகுவதற்கு முன். ஆனால் அதன் அடிப்படைப் பதிவு நடந்தது வுட்டின் வீட்டில். பன்னிரண்டு தந்தி அக்கூஸ்டிக் வாசித்தவரும் வுட்தான். ஆண்டை வைத்து ஆளைச் சொல்லக்கூடாது என்பதற்கு இது போதும். 1976இன் 'பிளாக் அண்ட் ப்ளூ' இன்னும் சிக்கல். டெய்லர் போன இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டே பதிவு செய்த ஆல்பம் அது. 'ஹேண்ட் ஆஃப் ஃபேட்' சோலோ வெய்ன் பெர்கின்ஸ், 'ஹாட் ஸ்டஃப்' லீட் ஹார்வி மாண்டெல். 1981இன் 'டாட்டூ யூ' பழைய பதிவுகளைத் தூசி தட்டி முடித்தது. அதில் 'டாப்ஸ்' பாட்டில் ஒலிப்பது டெய்லர், ஆனால் ஆல்பத்தில் அவர் பெயர் கிடையாது. 1986இன் 'ஒன் ஹிட்' சோலோ ஜிம்மி பேஜ்.

'ஜாகர் / ரிச்சர்ட்ஸ்' என்று லேபிளில் இருப்பதை யார் வாசித்தார் என்பதற்குச் சான்றாக எடுக்காதீர்கள். அது பாட்டை இயற்றியவர் பெயர். டெய்லர் இருந்த ஐந்து வருஷங்களில் ஸ்டோன்ஸ் ஆல்பங்களில் அவர் பெயரும் சேர்ந்து வந்த பாட்டு 'வென்டிலேட்டர் ப்ளூஸ்' ஒன்றே ஒன்று. அவர் கைபட்ட இடங்களோ எத்தனையோ.

ஒரு பாட்டை உள்ளே போய்க் கேட்பது

'கான்ட் யூ ஹியர் மீ நாக்கிங்' 7 நிமிடம் 15 விநாடி. இதை மூன்று முறை, மூன்று விதமாகக் கேளுங்கள்.

முதல் முறை தொடக்க ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு) மட்டும். கீத் தனியாக ஆரம்பிக்கிறார். கார்டை அடித்ததும் அதை உடனே அடக்குகிறார். அடியைவிட இடைவெளி முக்கியம் இங்கே. அந்த இடைவெளியில்தான் டிரம்ஸ் வந்து உட்காருகிறது. சுரம் ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள், எங்கே தொடங்குகிறது என்றல்ல.

இரண்டாம் முறை பாட்டு பாடும் பகுதியில் இரண்டாவது கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். டெய்லர் ரிஃபை அப்படியே திருப்பி அடிக்கவில்லை. குரல் ஓயும் இடத்தில் உள்ளே வருகிறார், குரல் வந்ததும் ஒதுங்குகிறார்.

மூன்றாம் முறை பின்பாதி. 2:45 வாக்கில் பாட்டு முடிந்து காங்கோ தொடங்கும், பாபி கீஸின் சாக்ஸ் வரும், பில்லி பிரெஸ்டனின் ஆர்கன் பின்னால் நிற்கும். 4:40 வாக்கில் டெய்லர். அவர் முதலில் வேகம் காட்டுவதே இல்லை. சில சுரங்களை நீட்டி, அதிரவிட்டு, ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குகிறார். வைப்ராட்டோ அகலமாக, நிதானமாக இருக்கும். கீத்தின் சோலோவில் இது கிடையாது. அவருடைய சுரம் தொட்டதும் கடித்துவிட்டு நகரும். அந்தக் கடைசி இரண்டரை நிமிடத்தின்போது கீத் என்ன செய்கிறார் என்றும் மறுபக்கத்தில் கேளுங்கள். இடம் விட்டுக் கொடுக்கிறார். அதுவும் வாசிப்புத்தான்.

பிரையனுக்கு 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' (1964), 'த லாஸ்ட் டைம்' (1965), 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1968) மூன்றும் போதும். 'த லாஸ்ட் டைம்' பாட்டில் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் பிரையன், கார்டும் சோலோவும் கீத். 1966 முதல் பிரையனின் பெருமை வேறு இடத்துக்குப் போகிறது: 'பெயின்ட் இட் பிளாக்' சித்தார், 'அண்டர் மை தம்ப்' மரிம்பா. அவை அற்புதமானவை. ஆனால் கிட்டாரிஸ்ட் யார் என்ற வாதத்தில் அவற்றைக் கணக்கில் சேர்த்தால் அவருக்கும் நியாயம் செய்யவில்லை, மற்றவர்களுக்கும் செய்யவில்லை.

கிட்டாரை எடுத்துப் பாருங்கள்

கீத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவர் ட்யூனிங்கில் ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்காதவர்கள். அரை மணி நேர வேலைதான் இது. வேண்டியவை: ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், 10 அல்லது 11இல் தொடங்கும் தந்தி செட், ட்யூனர், ஒரு கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்).

ஆறாவது தந்தியைக் கழற்றிவிடுங்கள். ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு, முதலாவதை இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். நடுவிலுள்ள மூன்றையும் தொட வேண்டாம். தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி என்று வரும். இறக்கும்போது வேண்டிய சுருதிக்குச் சற்றுக் கீழே போய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நட்டில் சிக்கிய தந்தி நாலு அடியில் வழுக்கிச் சுருதி இறங்கிவிடும். ட்யூனர் இல்லையென்றால் ஐந்தாவது தந்தியின் 7வது ஃபிரெட் திறந்த நான்காவதுக்குச் சமம். நான்காவதின் 5வது, மூன்றாவதின் 4வது, இரண்டாவதின் 3வது ஃபிரெட்டுகள் முறையே அடுத்த திறந்த தந்திக்குச் சமம்.

மிதக்கும் பிரிட்ஜ் உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒரு தொல்லை வரும். தந்தியைக் கழற்றி, இரண்டைத் தளர்த்தியதும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் இழுப்பு மேலோங்கி, மற்ற தந்திகளின் சுருதி ஏறும். மூன்று நான்கு சுற்று திருத்தினால்தான் நிற்கும். டெலிகாஸ்டர் போல அசையாத பிரிட்ஜ் இருந்தால் இந்த வம்பு இல்லை. கீத் டெலிகாஸ்டரைப் பிடித்துக்கொண்டதில் இந்த வசதியும் உண்டு.

இரண்டாவது தந்தியான பி திறந்த கார்டில் கொஞ்சம் கூச்சலிடும். ட்யூனர் காட்டும் இடம் இயல்பான மூன்றாம் சுரத்தைவிட 14 சென்ட் (ஒரு ஃபிரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு மேலே இருப்பதே காரணம். 4, 5 சென்ட் குறைத்தால் இனிமையாகும். அதற்கு மேல் குறைத்தால் அடுத்துச் சொல்லும் விரலமைப்பில் அதே தந்தி இறங்கி ஒலிக்கும்.

இப்போது ஆட்காட்டி விரலால் 5வது ஃபிரெட்டில் எல்லாத் தந்திகளையும் அழுத்துங்கள். இது சி மேஜர். விரலை எடுக்காமல் நடுவிரலை இரண்டாவது தந்தியின் 6வது ஃபிரெட்டிலும், மோதிர விரலை நான்காவது தந்தியின் 7வது ஃபிரெட்டிலும் வையுங்கள். எஃப் கார்டு, அடியில் சி அப்படியே நிற்கும். இரண்டு விரலையும் எடுங்கள், வையுங்கள். 'ஸ்டார்ட் மீ அப்' கேட்கத் தொடங்கிவிடும். முதல் தந்தியில் படாமல் அடியுங்கள், அது ஒலித்தால் கார்டு கலங்கும். ஆம்ப்ளிஃபையரில் கெய்ன் அதிகம் வைத்தாலும் அப்படித்தான். மெதுவாக அடித்தால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் மட்டும் கரகரப்பாகவும் இருக்கும் அளவே சரி. 'ஹேப்பி', 'டம்ப்ளிங் டைஸ்' இரண்டுக்கும் கேப்போ 4வது ஃபிரெட்டில். கேப்போவை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் மாட்டுங்கள், தள்ளி மாட்டினால் சுருதி ஏறும்.

இதே இரண்டு கார்டுகளைச் சாதாரண ட்யூனிங்கில் பார் கார்டாக அடித்துப் பாருங்கள். சுரங்கள் அதேதான், ஆனால் பாட்டு செத்துவிடும். அடியில் நிற்கும் தந்தி இரண்டு கார்டுக்கும் பொதுவாக இருப்பதும், விரல் மாற்றம் இரண்டே தந்தியில் நடப்பதும்தான் கீத்தின் ஒலி. ஆறாவது தந்தி இல்லாததால் பேஸ் கிட்டாருக்கு வழி கிடைக்கிறது, மேலே டெய்லருக்கோ வுட்டுக்கோ இடம் கிடைக்கிறது.

வாதத்தை நடத்தும் முறை

ஆளுக்கு இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 30 முதல் 40 விநாடி. வாதத்தில் சேராத ஒருவர் அவற்றைக் கலைத்து எண் கொடுத்து ஓட்டட்டும். கேட்பவர்கள் பெயரையும் காரணத்தையும் எழுதிய பிறகே வாயைத் திறக்க வேண்டும். முதலில் வாசித்தவர் யார் என்ற சுற்று, அதற்குப் பிறகுதான் எது சிறந்தது என்ற சுற்று. முதல் சுற்றிலேயே பாதிப் பேர் 'ஹேப்பி' ஸ்லைடை டெய்லருக்குக் கொடுப்பார்கள். அதன்பிறகு பேச்சில் பணிவு தானாக வரும்.

சோலோ துண்டோடு சோலோ துண்டை, ரிதம் துண்டோடு ரிதம் துண்டை வையுங்கள். 'டைம் வெய்ட்ஸ் ஃபார் நோ ஒன்' சோலோவுக்கு எதிரே 'பீஸ்ட் ஆஃப் பர்டன்' வைப்பது வுட்டுக்குச் செய்யும் அநியாயம். வுட்டின் திறமை சோலோவில் இல்லை. 1978இன் 'சம் கேர்ள்ஸ்' ஆல்பத்தில் ஜாகரும் பல பாட்டுகளில் கிட்டார் பிடித்திருப்பதால் ஆள் பிரிப்பது கடினம். கீத்தும் வுட்டும் மட்டும் இருக்கும் 'பீஸ்ட் ஆஃப் பர்டன்' அதற்குச் சரியான பாட்டு. இடது கிட்டாரை மட்டும் ஒரு முறை, வலது கிட்டாரை மட்டும் ஒரு முறை கேளுங்கள். தனியாகக் கேட்டால் இரண்டும் அரைகுறையாகத் தெரியும். எது ரிதம், எது லீட் என்று சொல்லவே முடியாது. வரிக்கு வரி பொறுப்பு கை மாறும். இதைத்தான் கீத் நெசவு என்கிறார். டெய்லரோடு இது அபூர்வமாகத்தான் நடந்தது. அங்கே ஒருவர் தரை போட்டார், மற்றவர் பறந்தார்.

எங்கள் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம். சோலோ என்ற கேள்விக்கு டெய்லர், அருகில்கூட யாரும் இல்லை. 'ஸ்வே' பாட்டின் கடைசி ஒரு நிமிடம் போதும் அதற்கு. பேண்டுக்கு யார் என்ற கேள்விக்குக் கீத். பக்கத்து நாற்காலியில் மூன்று பேர் மாறியும் முதல் இரண்டு அடியிலேயே ஸ்டோன்ஸ் என்று தெரிவதற்கு அவர் வலது கைதான் காரணம். டெய்லரை மேலே வைப்பவர்கள் கேட்க மறக்கும் பதிவு 'கிம்மி ஷெல்டர்'. கீத்தை மேலே வைப்பவர்கள் கேட்க மறக்கும் பதிவு 1973 அக்டோபர் 17 அன்று பிரஸ்ஸல்ஸில் நடந்த கச்சேரி. 2011இல் அதிகாரபூர்வமாக வெளிவந்துவிட்டது. அதன் 'மிட்நைட் ராம்ப்ளர்' முழுவதையும் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

2023இன் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வரை வாதத்தை இழுப்பதாக இருந்தால், அதன் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட்டும் பல பாட்டுகளில் கிட்டார் வாசித்திருக்கிறார். ஆல்பத்தோடு வரும் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.